உப்பைக் கழுவாத மண்

மண் வேலை கற்கப் போகிற எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை கிடைக்கும்: இயற்கையைப் பார், அதுதான் ஆசான். எனக்கும் கிடைத்தது. அதைக் கேட்டபோதெல்லாம் என் மனசு எங்கள் டோல்கேட் பகுதியை விட்டு வெளியே ஓடியது. இயற்கை என்றால் ஏற்காட்டு மேகம், குற்றாலத்து அருவி, கொல்லிமலைக் காடு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கிற இடத்தில், ஜன்னல் கம்பியைத் துடைத்தால் துணி கறுத்துப்போகிற வீட்டில் பிறந்தவளுக்கு அந்த ஆசான் எங்கே இருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எந்த ஊர் என்று கேட்டால் சென்னை என்பேன். எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வந்தால் பாரிஸ் கார்னருக்குப் பக்கம் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். டோல்கேட் என்ற பெயரை என் வாய் வெகுகாலம் ஒதுக்கியே வைத்திருந்தது. அந்த ஒதுக்கல் என் கைவேலையிலும் இருந்தது என்று புரிய வருஷங்கள் ஆயின. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில், மண்கலைப் பிரிவில். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய பள்ளி அது. தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்துவது, சுவரை இழுத்து உயர்த்துவது, கோன் வைத்துச் சூளையின் சூட்டைப் படிப்பது, ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கயோலினும் அளந்து கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைக் கலப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். அந்தக் கல்வியை நான் இன்றும் கும்பிடுகிறேன். ஆனால் மண் என்பது மூட்டையில் வருகிற பொருளாகத்தான் எனக்கு அறிமுகமானது. சலித்து, காயவைத்து, கல்லும் வேரும் நீக்கி வந்த மண். அது எந்த ஊர் மண் என்று நான் யோசித்ததே கிடையாது.

அந்த மண்ணில் நான் செய்தவை அரச இலை பதித்த தட்டுகள், தாமரை இதழ் மடிந்த கிண்ணங்கள், மயில் தோகை கீறிய ஜாடிகள். விற்கவும் செய்தன. வாங்கியவர்கள் ‘இயற்கையை அப்படியே கொண்டுவந்துட்டீங்க’ என்று பாராட்டினார்கள். அரச இலையை நான் பறித்தது திருவொற்றியூர் கோயில் தெருவில்தான். ஆனாலும் அந்தத் தட்டைப் பார்த்து என் ஊரை யாரும் கண்டுபிடிக்க முடியாது. இலையின் நரம்பு இருந்தது. இலை வளர்ந்த மண்ணும் காற்றும் அதில் இல்லை. பாராட்டைக் கேட்டு வீட்டுக்கு வரும் ராத்திரிகளில் அடிவயிற்றில் ஓர் ஏமாற்றம் கிடந்து உறுத்தும். அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி இருக்கிறது. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கியது. இருவரும் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். டெபோரா ஜப்பானில் மண்வேலை பயின்றவர். மீக்கர் கட்டடக்கலையும் மண்கலையும் படித்தவர். இன்று இந்தியாவில் ஸ்டோன்வேர் செய்கிற கலைஞர்களில் பலருடைய கைப்பழக்கத்தைத் தேடிப்போனால் அந்தப் பட்டறை வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். மீக்கர் எண்பதுகளில் தொடங்கி ஒரு காரியம் செய்தார். பச்சை மண் கல்லை அடுக்கி முழு வீட்டைக் கட்டி, அந்த வீட்டுக்குள்ளேயே செங்கல்லையும் ஓடுகளையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கி உள்ளே தீ மூட்டினார். வீடும் வெந்தது, உள்ளே வைத்த சரக்கும் வெந்தது. அந்த வீடுகளைப் பற்றிப் படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது அவற்றின் துணிச்சல்கூட இல்லை. மனை எங்கே இருக்கிறதோ அந்த மண்ணே சுவராகிறது என்பதுதான். நம்முடைய கிராமத்துக் குயவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. ஊர் ஏரியில் எடுத்த மண், ஊர்ச் சூளை, ஊர் விறகு என்றுதான் தலைமுறை தலைமுறையாக அவர்கள் தொழில் நடந்தது. படித்தவளான எனக்குத்தான் அதை யாரோ எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது.

என் மனை எது, என் மண் எது என்று அதன்பிறகு கேட்க ஆரம்பித்தேன். பதில் சொல்ல முதலில் வந்தது ஒரு குளவி.

எங்கள் வீட்டுப் பின்பக்க ஜன்னல் கம்பியில் ஒரு குளவி மண்பானை செய்தது. சுண்டுவிரல் நுனி அளவு. தெருக்குழாய் சொட்டுகிற இடத்தில் ஈரமாக இருக்கும் மண்ணை வாயில் உருட்டி எடுத்து வரும். உருண்டையைக் கம்பியில் ஒட்டி, முன்கால்களால் பிடித்துக்கொண்டு தாடையால் பட்டையாக இழுக்கும். ஒரு பட்டை ஈரமாக இருக்கும்போதே அடுத்த உருண்டை வந்துவிடும்; முந்தியது காய்ந்துவிட்டால் ஒட்டாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. உள்பக்கம் வழுவழுப்பு. வெளிப்பக்கம் உருண்டை உருண்டையாகச் சொரசொரப்பு, அதைத் தேய்த்து மறைக்க அது மெனக்கெடவே இல்லை. கடைசியில் கழுத்தைக் குறுக்கி, வாயை வெளியே மடித்து விரித்தது. என் ஆசிரியர்கள் வாய் விளிம்பை மடிக்கச் சொல்லித்தந்த அதே வளைவு. உள்ளே ஒரு முட்டையை நூலில் தொங்கவிட்டு, பச்சைப் புழுக்களைத் திணித்து, வாயை அடைத்துவிட்டுப் போய்விட்டது. பானையின் நிறம் எங்கள் தெருப் புழுதியின் நிறம். லாரி டயர் அரைத்துப் பறக்கவிட்ட அதே புழுதி.

நான் ஒதுக்கிய மண்ணில் அது தன் பிள்ளைக்கு வீடு கட்டியிருந்தது. இந்த மண் ஆகாது என்று அது நினைக்கவில்லை. எந்த ஈரத்தில் எடுத்தால் ஆகும் என்று மட்டும் பார்த்தது.

இன்னொன்று சிறுவயதிலிருந்தே கண்முன்னால் இருந்தது. திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் புற்று மண் வடிவானவர். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாமல் பார்க்கலாம்; புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அந்த வரிசையில் ஆயா கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கறையான் எச்சில் கலந்து குழைத்த மண்ணைத்தான் இந்த ஊர் சாமியாகக் கும்பிடுகிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மண் வேலை கற்றபின் போய் நின்றபோது உடம்பு சிலிர்த்தது. கறையான் எடுத்துச் சேர்க்கிற மண் மிக நைசானது, சலிக்கத் தேவையில்லை. கிராமத்தில் அடுப்பு பூசவும் தரை மெழுகவும் புற்று மண்ணைத் தேடிப்போவது அதனால்தான்.

பிறகுதான் எண்ணூருக்குப் போனேன். டோல்கேட்டிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிற இடத்துக்கு, மண்ணுக்காக என்று ஒருநாளும் போனதில்லை.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் அது. அந்த ஆற்றின் மேல்புறம்தான் அதிரம்பாக்கம். அங்கே கிடைத்த கற்கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அத்தனை பழைய மனிதர் நடமாடிய கரையைத் தொட்டு வருகிற தண்ணீர், எண்ணூரில் உப்புநீரோடு கலந்து வண்டலை இறக்கிப் போடுகிறது. அம்மாவுக்குத் தெரிந்த ஓர் அத்தை அங்கே உப்பங்கழியில் இறங்கி கையால் தடவி இறால் பிடிப்பார். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையும் சேற்றுக்குள் போகும். அவரோடுதான் இறங்கினேன்.

“காலை வெச்சாலே தெரியும்மா. இது நண்டு சேறு, கெட்டியா கீது பாரு. அங்க போனா இறால் சேறு, பூவாட்டம் இருக்கும்” என்றார்.

மண்ணை அவர் பாதத்தால் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாடம் எந்த வகுப்பிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அவர் காட்டிய நண்டுச் சேற்றில் ஒரு கை தோண்டினேன். மேலே விரல் கனத்துக்குப் பழுப்பு. அதற்குக் கீழே மைக் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். கறுப்புக்கு நடுவே ஆங்காங்கே துரு நிறத்தில் வளையங்கள். கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு வளையத்துக்கு நடுவிலும் ஒரு நண்டு வளை. நண்டு துளைத்துப் போன வழியாகக் காற்று இறங்கியிருக்கிறது. காற்று பட்ட இடத்திலெல்லாம் மண்ணில் இருக்கும் இரும்பு சிவந்திருக்கிறது. காற்று எட்டாத இடம் கறுப்பாகவே கிடக்கிறது.

எனக்கு உடனே எழும்பூர் அருங்காட்சியகம் நினைவுக்கு வந்தது. கல்லூரி நாட்களில் ஆதிச்சநல்லூர்ப் பானைகளைப் பார்க்க அங்கே அடிக்கடி போவேன். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்று படுகிற வெளிப்பக்கம் சிவந்துவிடும். காற்றில்லாமல் கரி மூட்டத்தில் கிடக்கிற உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கறுத்துவிடும். ஆதிச்சநல்லூரில், கீழடியில், கொடுமணலில் என்று தமிழ்நாடு முழுக்கத் தோண்டுகிற இடமெல்லாம் கிடைக்கிற அந்தக் கறுப்பு சிவப்பு மட்பாண்டம் எப்படிப் பிறந்தது என்று பரீட்சைக்குப் படித்திருந்தேன். அதே காரியத்தை நெருப்பே இல்லாமல் ஒரு நண்டு சேற்றுக்குள் செய்துகொண்டிருந்தது. சூளையில் நடப்பதும் கழியில் நடப்பதும் காற்றுக்கும் இரும்புக்கும் இடையிலான ஒரே கணக்குதான்.

வாளியில் அள்ளிக்கொண்டு கரையேறியபோது அத்தை சொன்னார்: “இந்தச் சேத்தயா எடுத்துனு போற? வூட்டுக்குள்ள வெச்சா நாத்தம் தாங்காது, பாத்துக்க.”

உண்மைதான். மொட்டைமாடியில் வைத்தேன்.

படித்தவள் செய்கிற முறைப்படியே ஆரம்பித்தேன். தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல்தண்ணீரை இறுத்து, மறுபடி கரைத்து, நாக்கில் வைத்தால் கரிக்காத வரை உப்பைக் கழுவினேன். உப்பு இருந்தால் காயும்போது வெளியே பூத்துவிடும், சுட்டால் மேலே வெள்ளைப் படலம் படியும் என்று பாடம். துணியில் வடித்து, நிழலில் உலர்த்தி, மிதித்துப் பிசைந்தேன். கைக்கு நல்ல மண். இழுத்தால் வருகிறது, வளைத்தால் விரியவில்லை. சல்லடையில் தங்காத சிப்பித் தூள் மட்டும் மினுமினுவென்று கலந்து கிடந்தது. சின்னக் கிண்ணங்களாகத் தட்டி எடுத்து, 950 டிகிரி சுமாருக்குச் சுட்டேன். செங்கல் சிவப்பில், தட்டினால் கணீரென்று வந்தன. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை எந்தத் தாமரைக் கிண்ணமும் எனக்குத் தந்ததில்லை.

சில நாளில் அலமாரியில் சத்தம் கேட்டது. பொட்டு பொட்டென்று கிண்ணத்தின் சுவரிலிருந்து சில்லுகள் தெறித்து விழுந்துகொண்டிருந்தன. தெறித்த ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. மழை ஈரம் ஏற ஏற அது கூடியது. கடைசியில் விரலால் அழுத்தினால் சுவர் பொடியாக உதிர்ந்தது.

காரணம் கிளிஞ்சல். சிப்பி ஓடு என்பது கால்சியம் கார்பனேட். 800, 900 டிகிரி சூட்டில் அது கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிறது. வெள்ளையடிக்கக் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு எடுப்பார்களே, அதேதான் பானைச் சுவருக்குள் நடக்கிறது. சுட்ட சுண்ணாம்பு ஈரத்தைக் குடித்தால் நீறும், நீறினால் பருக்கும், பருத்தால் சுற்றியிருக்கும் மண்ணை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பழவேற்காடு, எண்ணூர் பக்கத்தில் காலம்காலமாகக் கிளிஞ்சல் அள்ளிச் சுண்ணாம்பு சுட்டவர்களுக்கு இதைச் சொன்னால், இது தெரியாதா என்பார்கள்.

பொன்னேரிக்கு அந்தப் பக்கம் ஒரு மண்பாண்டக் குடும்பம். அவர்கள் சூளையில் என் வேலைகளையும் அடுக்க இடம் தருவார்கள். அந்த வீட்டுப் பெரியவரிடம் உதிர்ந்த கிண்ணத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார், உடைந்த விளிம்பை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“ஏம்மா, உப்பே இல்லையே. கழி மண்ணுன்னியே?”

“கழுவிட்டேன் பெரியப்பா.”

“கழுவாம ஒண்ணு போட்டுப் பாத்தியா?”

இல்லை என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சூளைக்குக் கொண்டுவா என்றார்.

கழுவாத சேற்றைக் கல்லும் குச்சியும் மட்டும் நீக்கி, அதே கழித் தண்ணீரிலேயே பிசைந்து செய்தேன். காயும்போது மேலே உப்புப் பூத்தது. சுட்டு எடுத்தபோது சிவப்பாக இல்லை. வெளிறிய மஞ்சள் கலந்த ஒரு தோல், காற்று அதிகம் பட்ட பக்கம் வெளுப்பாகவும் மறைவான பக்கம் இளஞ்சிவப்பாகவும் ஏறி இறங்கியிருந்தது. அலமாரியில் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். வடகிழக்குப் பருவமழை முழுக்கக் கடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள் தெறித்தன; சுவர் நின்றது. இன்றும் நிற்கிறது.

அதன்பின் தேடிப் படித்ததில் தெரிந்தது. பப்புவா நியூகினியின் தென்கரையில் மோட்டு இனத்துப் பெண்கள், சிப்பித் தூள் நிறைந்த கடற்கரை மணலைக் களியோடு சேர்த்து, கடல்நீரிலேயே பிசைந்து பானை செய்துவந்தார்கள். உப்பு கூட இருந்தால், சுட்ட சிப்பி ஈரத்தைக் குடித்து நீறுவது பெருமளவு அடங்கிவிடுகிறது. சூளைச் சூட்டை 700 டிகிரிக்குள் நிறுத்திக்கொண்டாலும் சிப்பி சுண்ணாம்பாக மாறாமல் தப்பிக்கும். ஊர்ப்புறத் திறந்த சூளைகள் பலவும் அந்தச் சூட்டில்தான் எரிகின்றன. ஆய்வாளர்கள் இதை எழுதியது எழுபதுகளில். கடலோரத்துப் பெண்களின் கைகளுக்கு அது எப்போதிலிருந்து தெரியும் என்று கணக்கிட முடியாது.

என் வாழ்க்கையில் மண் எனக்குச் சொன்ன பெரிய சேதி இதுதான். கடல் அந்தச் சேற்றில் சிப்பியைப் போட்டபோது உப்பையும் சேர்த்தே போட்டது. எது கெடுக்குமோ அதைக் கட்டுப்படுத்துவதும் அதே மண்ணில் இருந்தது. நான் அதில் எனக்கு அழகாகப் பட்டதை வைத்துக்கொண்டு, அழுக்காகப் பட்டதைக் கழுவிவிட்டேன். இலையின் நரம்பை மட்டும் எடுத்துக்கொண்டு தெருவை விட்டதும், சென்னையை வைத்துக்கொண்டு டோல்கேட்டை விழுங்கியதும் இந்தக் கழுவலோடு சேர்ந்தவைதான் என்று அந்த அலமாரி முன்னால் நின்றபோது விளங்கியது. இயற்கையைப் பார்த்துச் செய்வது என்றால் அதில் பிடித்ததைப் பொறுக்குவது என்று நான் இருந்திருக்கிறேன். அதன் சேர்மானத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதற்குள் என் கை எங்கே போகலாம் என்று பார்ப்பதே வேலை.

அதன்பிறகு என் உருவங்களும் மாறின. இலை பதிப்பதை விட்டேன். கழி மண் மெல்லிய உயரமான சுவருக்கு ஒத்துவராது, குட்டையான கனத்த உடம்பைக் கேட்கிறது, அப்படியே கொடுக்கிறேன். ஆதிச்சநல்லூர் முறையில் கவிழ்த்துச் சுடுவதற்கு முன், சுவரில் நண்டு வளை மாதிரி சாய்வாகத் துளைகள் இடுகிறேன். துளை வழியாக உள்ளே போன காற்று கறுப்புச் சுவரில் சிவப்பு வளையங்களை எழுதிவிடுகிறது. அந்த வளையம் எங்கே விழும், எவ்வளவு பரவும் என்பது காற்றைப் பொறுத்தது. நான் துளையோடு நிறுத்திக்கொள்கிறேன். வெளிப்பக்கத்தை ஈரத் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கும் பழக்கமும் போய்விட்டது, குளவி தேய்க்கவில்லை.

கண்காட்சிகளில் பெயருக்குக் கீழே டோல்கேட் என்று எழுதுகிறேன். 2021-இல் மெட்ரோ வந்தபிறகு அது எந்தப் பக்கம் என்று கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள்.

இத்தோடு முடித்தால் பாதியைத்தான் சொன்னதாகும். மண்ணில் இருக்கிற எல்லாவற்றையும் ஏற்றுக்கொள் என்று நான் சொல்லவரவில்லை. அதில் எனக்குப் பெரிய சங்கடம் ஒன்று நேர்ந்தது.

எண்ணூர்க் கழியில் உப்பும் சிப்பியும் மட்டுமா இருக்கின்றன? அனல்மின் நிலையச் சாம்பலும் இருக்கிறது. அதைக் கொண்டுபோகும் குழாய் உடைந்து வருஷக்கணக்காக வழிந்த சாம்பல் குழம்பு, சில இடங்களில் கால் வைத்தால் வெளிர்சாம்பல் நிறத்தில் முழங்கால் வரை வாங்கும். அத்தை அந்தப் பக்கம் போகவே மாட்டார். அங்கே இறாலும் கிடையாது, நண்டும் கிடையாது. அந்தச் சாம்பலில் சிலிக்கா, அலுமினா, இரும்பு எல்லாம் உண்டு. கிளேஸுக்கு வேண்டியவை அவைதானே. உருக வைக்கக் கிளிஞ்சல் சுண்ணாம்பைச் சேர்த்து, 1,200 டிகிரிக்கு மேல் கொண்டுபோனேன். கரும்பழுப்பில், தேன் வழிந்த மாதிரி ஓர் அபாரமான கிளேஸ் கிடைத்தது. பார்த்தவர்கள் மயங்கினார்கள். ‘மாசைக் கலையாக்கிட்டீங்க’ என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இன்னும் செய்து தரக் கேட்டார்கள்.

அந்தப் பாராட்டில் பழைய உறுத்தல் திரும்ப வந்தது, முன்னைவிடப் பலமாக. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகம் முழுக்க எண்ணெய் பரவியது. படகு, வலை, அலையாத்திச் செடியின் மூச்சு வேர் எல்லாம் கறுத்துப்போயின. மீனவர்கள் சாதாரண வாளியாலும் கையாலும் எண்ணெயை வழித்து எடுத்ததை நாடே பார்த்தது. அத்தைக்குக் கையெல்லாம் தோல் உரிந்து, வெகுநாள் தண்ணீரில் இறங்க முடியவில்லை. அவரைப் பார்க்கப் போனபோது என் சாம்பல் கிளேஸ் ஜாடி ஒன்றைக் கொண்டுபோவதா என்று யோசித்தேன். கொண்டுபோக மனம் வரவில்லை. அவர் வயிற்றில் அடித்த சாம்பலை நான் மினுமினுப்பாக்கி நகரத்து வரவேற்பறைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த ஜாடியைப் பார்த்து யாருக்கும் கோபம் வரவில்லை. அழகாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. அது போதும், நிறுத்திவிட்டேன்.

உப்புக்கும் சாம்பலுக்கும் என்ன வித்தியாசம் என்று இளம் கலைஞர்கள் கேட்கிறார்கள். நண்டிடம் கேள் என்பேன். உப்புச் சேற்றில் நண்டு வளை தோண்டும், அலையாத்தி வேர் விடும். சாம்பல் மூடிய இடத்தில் இரண்டும் இல்லை. உயிர் எதை ஏற்கிறதோ அது மண்ணின் சேர்மானம். உயிர் விலகிப்போகிற இடத்தில் கிடப்பது கொட்டப்பட்டது. இயற்கையை ஆசானாகக் கொண்டவர்கள் இந்தப் பிரிவினையைச் செய்யத்தான் வேண்டும். எல்லாமே பொருள்தான், எல்லாமே அழகாகும் என்று கலைஞன் சொல்லிவிட்டால் கொட்டியவர்களுக்கு அதைவிட வசதியான சொல் வேறில்லை.

இப்போது என் பழக்கம் இது. சாப்பிடவும் குடிக்கவும் பயன்படுகிற பாத்திரங்களை ஏரி மண்ணிலும் வாங்கிய மண்ணிலும்தான் செய்கிறேன். ஏரி, குளத்து வண்டலை விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமில்லாமல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று 2024-இல் தமிழக அரசு ஏற்பாடு செய்தது. பொன்னேரிக் குடும்பம் போன்றவர்களுக்கு அது நல்ல உதவி. எண்ணூர்ச் சேற்றில் செய்பவை பார்ப்பதற்கு மட்டும். அனல்மின் சாம்பலில் ஆர்சனிக், குரோமியம் போன்ற உலோகங்கள் உண்டு. அது கலந்திருக்கக்கூடிய மண்ணில் ஒருவர் தண்ணீர் குடிக்க நான் குவளை தர முடியாது. வாங்குபவர்களிடம் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன். ஏன் என்று கேட்கிறார்கள். அப்போது கழியைப் பற்றிப் பேச இடம் கிடைக்கிறது. அழகான கிளேஸ் தராத இடத்தை, சாப்பிட ஆகாத இந்தக் கிண்ணம் தருகிறது.

மண் வேலை கற்கும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மூட்டையைப் பிரிக்கும் முன்னால் உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் என்ன மண் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அது மாம்பலமாக இருக்கலாம், மணலியாக இருக்கலாம். அந்த மண்ணில் தினம் காலை வைத்து வேலை செய்கிறவர் ஒருவர் இருப்பார், அவரிடம் கேளுங்கள். ஒரு கைப்பிடியைக் கழுவிச் சுடுங்கள், ஒரு கைப்பிடியைக் கழுவாமல் சுடுங்கள்.

மற்ற எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான். எண்ணூர்க் கழிமுகத்தில் இனி ஒரு வண்டி சாம்பலோ மண்ணோ கொட்ட விடாதீர்கள். மீனவர்கள் மனு கொடுக்கும்போது, கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது, தென்சென்னையிலிருந்தும் ஆட்கள் வர வேண்டும். அங்கே இன்னும் நண்டு வளை தோண்டிக்கொண்டிருக்கிறது. காப்பாற்ற நேரம் இருக்கிறது.